பியானோ கிளாஸ் இல்லாத ஆறு நாட்கள்: வீட்டில் எந்த வழி உதவுகிறது?

வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் கிளாஸ். மீதி ஆறு நாளும் குழந்தை நம் வீட்டுக் கூடத்தில்தான் வாசிக்கிறது. சொல்லிக்கொடுக்கிற மிஸ் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், விரல்கள் பழகுவது அந்த ஆறு நாளில்தான். அந்த நாட்களை எப்படி நடத்துவது என்று தெரியாமல்தான் பல வீடுகளில் ஒரு வருஷத்துக்குள் பியானோவின் மேல் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி ஏறிவிடுகிறது.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. ஆறு வயதில் தொடங்கினாள். இந்த மூன்று வருஷத்தில் நான்கு வழிகளைப் பார்த்துவிட்டோம். அவளைத் தனியே வாசிக்க விட்டோம். டேப்லெட்டில் ஒரு ஆப்பை வைத்துக்கொடுத்தோம். வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு ஒரு டியூட்டரை வரவழைத்தோம். கடைசியில் நாங்களே பக்கத்தில் உட்கார்ந்தோம். எனக்குச் சின்ன வயதில் நாலு வருஷம் கர்நாடக சங்கீதம் பாடிய பழக்கம் உண்டு. ஆனால் பியானோ தெரியாது, ஐந்து கோட்டு நோட்டேஷனும் அப்போது படிக்க வராது. என்னைப் போன்ற பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான்கையும் எதை வைத்து ஒப்பிடுவது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எத்தனை நிமிஷம் வாசித்தாள் என்பதைத்தான் நானும் முதலில் அளவாக வைத்திருந்தேன். அது தப்பான அளவு. ஒரு சாயங்காலம் சமையலறையில் நின்று காது கொடுத்துக் கேட்டபோதுதான் புரிந்தது. புதிய பாடத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஆறாவது பாரில் (நோட்டேஷனில் குத்துக்கோடு போட்டுப் பிரித்த ஒரு சின்னப் பகுதிதான் பார்) இடது கை தடுக்கும். உடனே தலைப்புக்கு ஓடுவாள். மறுபடியும் அதே ஆறாவது பாரில் தடுக்கும். மறுபடி தலைப்பு. அரை மணி நேரத்தில் முதல் ஐந்து பாரையும் பத்துப் பன்னிரண்டு தடவை வாசித்துவிட்டாள். அந்தத் தடுக்கலையும் அத்தனை தடவை வாசித்துவிட்டாள். விரலுக்கு எது சரி, எது தப்பு என்று தெரியாது. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அது பதிந்துவிடும். ஆறு நாள் கழித்து மிஸ் முன்னால் உட்கார்ந்தால், அந்த இடத்தில் தடுக்கல் பிசகாமல் வரும்.

அதனால் ஒவ்வொரு வழியிடமும் நான் இப்போது கேட்பது இதைத்தான்: தப்பை யார் கேட்கிறார்கள், கேட்ட அடுத்த நொடியில் என்ன நடக்கிறது?

இது என் அனுமானம் மட்டும் இல்லை. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பியானோவை முதன்மைப் பாடமாகப் படித்த 17 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2009இல் வெளியானது. ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் ஒரு கான்செர்ட்டோவிலிருந்து மூன்று பார் மட்டும் கொடுத்து, வேண்டிய அளவு பயிற்சி செய்யச் சொன்னார்கள். மறுநாள் வாசிக்க வைத்து வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். எவ்வளவு நேரம் பயிற்சி செய்தார்கள், எத்தனை தடவை வாசித்தார்கள் என்பதற்கும் அந்த வரிசைக்கும் தொடர்பு தெரியவில்லை. வாசித்த தடவைகளில் எத்தனை பங்கு சரியாக இருந்தது என்பதற்குத் தொடர்பு இருந்தது. முன்னணியில் வந்தவர்களும் ஆரம்பத்தில் தப்பு செய்தவர்கள்தான். ஆனால் தப்பு வந்த இடத்தைப் பிடித்து நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, அங்கேயே சரிசெய்துவிட்டுத்தான் மேலே போனார்கள். அவர்கள் வளர்ந்த மாணவர்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு அந்த நிதானத்தை யாராவது கடன் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வழிகளுக்குப் போகும் முன் கருவியைப் பற்றி. மட்டமான கருவியில் எந்த வழியும் பாதிதான் வேலை செய்யும்.

பியானோவில் 88 கட்டைகள்: வெள்ளை 52, கருப்பு 36. நம் வீடுகளில் முதலில் வாங்குவது பெரும்பாலும் 61 கட்டை கீபோர்டு, அதாவது ஐந்து ஆக்டேவ் (நம் சங்கீதத்தில் ஸ்தாயி). ஆரம்ப வருஷத்துப் பாடங்கள் அந்த ஐந்து ஆக்டேவுக்குள் அடங்கிவிடும். அதனால் கட்டை குறைவு என்பது அவசரப் பிரச்சினை இல்லை. கனம் இல்லை என்பதுதான் பிரச்சினை. நிஜப் பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழும்பிப் போய்க் கம்பியைத் தட்டுகிறது. அந்தக் கனத்தை விரல் உணர்ந்து பழக வேண்டும். பியானோஃபோர்ட்டே என்பது இதன் முழுப்பெயர். இத்தாலிய மொழியில் மென்மை, பலம் என்ற இரண்டு சொற்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. மெல்லத் தொட்டால் மெல்லவும், அழுத்தித் தொட்டால் ஓங்கியும் ஒலிக்கும் என்பதுதான் இந்தக் கருவியின் உயிர். மலிவான சில கீபோர்டுகளில் எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம். அதில் ஒரு வருஷம் பழகிய குழந்தை கிளாஸில் உள்ள பியானோவில் உட்கார்ந்தால், நான்காம் விரலும் ஐந்தாம் விரலும் கட்டையைக் கீழே இறக்கவே திணறும்.

அசல் அப்ரைட் பியானோ வாங்கலாமா? இடமும் பணமும் இருக்கிற வீட்டுக்குக்கூட சென்னையில் நான் யோசிக்கத்தான் சொல்வேன். உள்ளே ஏறத்தாழ 230 கம்பிகள். பியானோவுக்குப் பிடித்த ஈரப்பதம் 40லிருந்து 50 சதவீதம். இங்கே சாதாரணமாகவே 70ஐத் தாண்டும். மழைக்காலத்தில் மரமும் கம்பளியும் உப்பிக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். கடல் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது டியூனரை அழைக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு எட்டரைக்கு மேல் வாசிக்கவும் முடியாது.

ஆகவே 88 வெயிட்டட் கட்டைகள் (நிஜப் பியானோ மாதிரி கனம் வைத்தவை) உள்ள டிஜிட்டல் பியானோதான் என் தேர்வு. 61 கட்டை கீபோர்டைவிட மூன்று நான்கு மடங்கு விலை. உடனே முடியாவிட்டால், தொடுகைக்கேற்ப சத்தம் மாறுகிற கீபோர்டாவது வாங்குங்கள். அதுவும் முதல் வருஷத்துக்கு மட்டும். இணையத்தில் ஆர்டர் போடாமல், 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற கடைக்குக் குழந்தையை அழைத்துப்போய், அதன் விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்வது நல்லது. இன்னொன்று: லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வில் பியானோவும் எலெக்ட்ரானிக் கீபோர்டும் வேறு வேறு பாடத்திட்டங்கள். எதற்குத் தயார் செய்கிறார்கள் என்று சேர்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டூல் உயரம். முழங்கையும் கட்டையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கால் தொங்கினால் கீழே ஒரு பலகை போடுங்கள். எங்கள் வீட்டில் பாட்டியின் மணையைத்தான் போட்டோம். அதற்கப்புறம் அவள் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

தனியே விடுவது

முதல் ஏழெட்டு மாதம் இதுதான் செய்தோம். சமையலறை டைமரில் முப்பது நிமிஷம் வைத்துவிட்டு நான் வேலையைப் பார்ப்பேன். வீடு முழுக்கச் சத்தம் கேட்கும், எனக்கும் திருப்தியாக இருக்கும். உண்மையில் அந்த முப்பது நிமிஷத்தில் பாதி, மூன்று வாரத்துக்கு முன்பே முடித்த பாட்டு. நன்றாக வருகிறதை வாசிக்கத்தான் எந்தக் குழந்தைக்கும் ஆசை. மீதி பாதி, மேலே சொன்ன ஆறாவது பார் கதை. டைமர் அவளுக்குக் கடிகாரத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. தப்பைக் கேட்க யாரும் இல்லை. அவளுக்குக் கேட்டாலும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆனாலும் இந்த வழியை நான் ஒதுக்கவில்லை. கடைசியில் எல்லாக் குழந்தையும் வந்து சேரவேண்டிய இடம் இதுதான். பத்து பதினோரு வயதில், மிஸ் எழுதிக்கொடுத்ததைப் படித்துத் தானே பிரித்து வாசிக்கத் தெரிந்த குழந்தைக்குப் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. அந்த வயதில் தனிமைதான் மரியாதை. ஆறு வயதில் அதே தனிமை, நீச்சல் தெரியாத குழந்தையைக் கிணற்றடியில் விட்டுவிட்டு வருவது மாதிரி. அப்போது ஒரு மாற்றமாவது செய்யுங்கள். டைமரை எடுத்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். அதில் மிஸ் சொன்ன ஒரே ஒரு வேலை: ‘9லிருந்து 12 பார் வரை, இடது கை மட்டும், மெட்ரோனோம் 60.’ (மெட்ரோனோம், சீராகத் தாளம் தட்டும் கருவி. 60 என்றால் நிமிஷத்துக்கு 60 தட்டு.) அது வந்துவிட்டால் எட்டு நிமிஷத்தில் எழுந்து போகலாம்.

ஆப்

ஆப்புக்கு உள்ள நல்ல குணங்களைச் சொல்லத்தான் வேண்டும். அதற்குக் கோபம் வராது, அலுப்பு வராது. நாற்பது தடவை கேட்டாலும் அதே முகம். பின்னணி வாத்தியங்களோடு வாசிக்கும்போது குழந்தைக்கு ஒரு கச்சேரி சந்தோஷம் கிடைக்கிறது. கோட்டில் உள்ள புள்ளிக்கு எந்தக் கட்டை என்று கண்டுபிடிக்கும் வேகம் என் மகளுக்கு இரண்டே மாதத்தில் கூடியது.

இப்போது அதே கேள்வி. தப்பை ஆப் கேட்கிறதா? கட்டை மாறினால் கேட்கிறது, தாளம் தவறினாலும் ஓரளவு கேட்கிறது. எந்த விரல் வாசித்தது என்பது மைக்குக்குத் தெரியாது. அங்கேதான் எங்களுக்குச் சிக்கல் வந்தது.

பியானோவில் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. வலது கையில் சி மேஜர் ஸ்கேல் என்ற எட்டு ஸ்வர வரிசையை 1 2 3 வாசித்துவிட்டு, கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில் நுழைத்து மறுபடி 1 2 3 4 5 என்று போக வேண்டும். அந்த நுழைப்பு வந்தால்தான் பின்னால் வேகம் வரும். என் மகள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் வைத்துத் தத்தித் தத்தி எட்டுக் கட்டையையும் தொட்டாள். திரையில் எல்லாம் பச்சை, மூன்று நட்சத்திரம். அடுத்த கிளாஸில் மிஸ் அதைப் பார்த்துவிட்டு, ‘யார் இந்த விரல் போட்டது?’ என்று கேட்டார். அந்தப் பழக்கத்தை எடுக்க ஒன்றரை மாதம் ஆனது. ஜெர்மன் இசைமேதை பாக் தன் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமானுக்காக 1720 ஜனவரி 22 அன்று ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினார். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. ஆரம்பத்திலேயே உள்ள சின்னப் பாடத்தில் எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்று எண் போட்டு எழுதியிருக்கிறார். அப்பாவே சொல்லிக்கொடுத்த வீட்டிலும் பாடம் விரலிலிருந்துதான் தொடங்கியது.

இரண்டாவது குறை, நிறுத்தி நிறுத்திக் காத்திருக்கும் வசதி. சரியான கட்டை விழும்வரை பாட்டு நின்று காத்திருக்கும். ஆரம்பத்தில் உதவிதான். ஆனால் அதிலேயே பழகினால் உள்ளே ஓடவேண்டிய தாளம் அறுந்துவிடுகிறது. தாளம் யாருக்காகவும் நிற்காது என்பதைக் குழந்தை கற்கவேண்டிய வயதில், நிற்கும் என்று கற்றுக்கொள்கிறது. மேலிருந்து வண்ணக் கட்டைகள் விழுகிற மாதிரி ஆப்பாக இருந்தால் நோட்டேஷன் படிக்கும் பழக்கமே வராது.

சனி ஞாயிறுகளில் பத்து நிமிஷம், புதுப்புதுப் பாட்டைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்துப் பழக என்றால் ஆப் நல்ல தோழன். மிஸ் கொடுத்த பாடத்தை அதனிடம் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வரும் டியூட்டர்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மூன்று மாதம் ஒருவர் வந்தார். நல்ல பிள்ளை, பொறுமைசாலி. ஆனால் அவர் ஒரு விரல் வரிசை சொன்னார், மிஸ் வேறு சொன்னார். இரண்டும் தன்னளவில் சரி. நடுவில் குழந்தை குழம்பியது. அதோடு, டியூட்டர் வராத நாட்களில் வாசிப்பதையே நிறுத்திவிட்டாள். கிளாஸ் மூன்றானது, பயிற்சி பூஜ்யமானது. மிஸ்ஸிடமே படிக்கும் மூத்த மாணவி யாராவது வந்து, மிஸ் சொன்னதை மட்டும் கேட்டு வாங்குவார் என்றால் இது அருமையான வழி. இல்லையென்றால் அந்தப் பணத்தைச் சேர்த்து நல்ல கருவி வாங்கலாம்.

பக்கத்தில் உட்கார்வது

ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசூகி (1898–1998) இதை ஒரு முறையாகவே வகுத்தவர். குழந்தை தாய்மொழியை எப்படிக் கேட்டுக் கேட்டுப் பேசுகிறதோ அப்படித்தான் இசையும் வரும் என்றார். பெற்றோர் கிளாஸிலும் உட்கார வேண்டும், வீட்டிலும் கூட உட்கார வேண்டும், வாசிக்கப் போகும் பாட்டு தினமும் வீட்டில் ஒலிக்க வேண்டும். பிறகு இது பியானோவுக்கும் வந்தது. நான் அவர் முறையில் மகளைச் சேர்க்கவில்லை. ஆனால் மிஸ்ஸிடம் அனுமதி கேட்டு மாதம் இரண்டு கிளாஸில் மூலையில் உட்கார ஆரம்பித்தேன். அங்கே கேட்டதைத்தான் வீட்டில் கேட்க முடிந்தது.

முதல் மூன்று வாரம் இதையும் நான் கெடுத்தேன். ஒவ்வொரு தப்புக்கும் ‘தப்பு’ என்றேன். வாசிப்பின் நடுவில் விரலைப் பிடித்து இழுத்தேன். அவள் அழுதாள். அதைவிட மோசமானது இன்னொன்று. ஒவ்வொரு கட்டையைத் தொட்டதும் என் முகத்தைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். சரியா தப்பா என்பதை அவள் காது சொல்ல வேண்டும். அந்த வேலையை என் புருவத்திடம் கொடுத்துவிட்டாள். பக்கத்தில் உட்காரும் பெற்றோருக்கு உள்ள பெரிய ஆபத்து இதுதான். ‘நாங்க உட்கார்ந்தா சண்டைதான் வருது’ என்று சொல்லும் பல வீடுகளில் நடப்பதும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதை மாற்றியது என் அம்மா. அவருக்குப் பியானோ தெரியாது, நோட்டேஷன் தெரியாது. எனக்கு ஆபீஸில் வேலை அதிகமான ஒரு வாரம் அவர்தான் உட்கார்ந்தார். பேத்தி வாசித்து முடித்ததும் சொன்னார்: ‘நல்லா இருந்துச்சு கண்ணு. நடுவுல எங்கேயோ கல்லு தடுக்கின மாதிரி இருந்துச்சே, அது எந்த இடம்?’ அவள் பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டாள். தானே போட்டாள். ‘அந்த இடத்தை மட்டும் பாட்டிக்கு மெதுவா காட்டு’ என்றார். அவ்வளவுதான். தப்பைக் கேட்டது குழந்தை, கேட்கவைத்தது பாட்டி.

அன்றிலிருந்து எங்கள் முறை இதுதான். வாசிக்கும்போது யாரும் பேசக் கூடாது. முடிந்ததும் ‘எந்த இடம் தடுக்கிச்சு?’ என்ற ஒரே கேள்வி. வட்டம் போட்ட பாரையும், அடுத்த பாரின் முதல் ஸ்வரத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்வோம். அடுத்த பாருக்குத் தாண்டும் இடத்தில்தான் பெரும்பாலும் தடுக்கும் என்பதால் அந்த ஒரு ஸ்வரம் முக்கியம். முதலில் கை தனித்தனியாக, பிறகு சேர்த்து. வேகம், சரளி வரிசை பாடும்போது முதல் காலத்தில் எப்படி ஆரம்பிப்போமோ அப்படி. கர்நாடக சங்கீதத்தில் முதல் காலம் நிற்காமல் இரண்டாம் காலத்துக்கு எந்த வாத்தியாரும் விடமாட்டார். பியானோவிலும் நியாயம் அதேதான். மெட்ரோனோமை 60இல் வைத்து, சரியானால் 66, பிறகு 72. தப்பு வந்தால் வேகம் அதிகம் என்று பொருள். குழந்தையைக் குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

பல்லாங்குழியிலிருந்து ஐந்து புளியங்கொட்டைகளை எடுத்துப் பியானோவின் இடது ஓரத்தில் வைப்போம். சரியாக ஒரு தடவை வாசித்தால் ஒரு கொட்டை வலது பக்கம் போகும். தப்பானால் ஒன்று திரும்பி வரும். சிலர் எல்லாவற்றையும் திருப்பி வைக்கச் சொல்வார்கள். அது சின்னக் குழந்தைக்குப் பெரிய தண்டனை, நான்காவது கொட்டையில் கை நடுங்கும். ஐந்தும் வலது பக்கம் சேர்ந்தால் அந்த இடம் அன்றைக்கு முடிந்தது.

இன்னொன்று, பாட்டைக் கடைசியிலிருந்து படிப்பது. கடைசி இரண்டு பார், பிறகு அதற்கு முந்தைய இரண்டோடு சேர்த்து நான்கு, இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வருவது. தலைப்பிலிருந்தே தொடங்கினால் தொடக்கம் மட்டும் மெருகேறி, முடிவு எப்போதும் அரைகுறையாக நிற்கும். கடைசியிலிருந்து படித்தால், வாசிக்க வாசிக்கக் குழந்தை தெரிந்த இடத்துக்குள் நுழைகிறது. பயம் குறைகிறது.

நேரம்? ஆறேழு வயதில் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் நான் உட்கார வைக்கவில்லை. காலையில் பஸ் வருமுன் எட்டு நிமிஷம், சாயங்காலம் எட்டு நிமிஷம் என்று பிரித்தால் இன்னும் நல்லது. நேற்று வராத இடம் காலையில் தானாக வந்து நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டோம். தூக்கத்தில் மூளை அந்த அசைவை உறுதிப்படுத்திக்கொள்கிறது. அதனால் வராத இடத்தோடு இரவு ஒன்பதரை வரை மல்லுக்கட்ட வேண்டாம். வாரத்தில் ஒரு நாளைத் தவறவிடவே கூடாது என்றால், அது கிளாஸுக்கு மறுநாள். மிஸ் சொன்னது அப்போதுதான் காதில் இருக்கும். எங்களுக்குச் சனிக்கிழமை கிளாஸ். ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாணம் இருந்தாலும் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புவோம்.

எழுதி வைக்கும் பழக்கமும் உதவியது. இசைமேதை மொட்சார்ட்டின் அப்பா லியோபோல்ட் தன் மகள் நானெர்லுக்காக 1759இல் தொடங்கிய நோட்டில், தம்பி வோல்ஃப்காங் எந்தப் பாடத்தை எப்போது படித்தான் என்று குறித்து வைத்திருக்கிறார். ஒரு பாடத்தை 1761 ஜனவரி 24 இரவு ஒன்பதுக்கும் ஒன்பதரைக்கும் இடையில் படித்தான் என்று இருக்கிறது. ஐந்தாவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு. நம் குழந்தைகள் மொட்சார்ட் ஆக வேண்டியதில்லை. ஆனால் அந்த அப்பா எந்தப் பாடம், எப்போது வந்தது என்று குறித்த முறை எனக்குப் பிடித்தது. நாங்களும் ‘30 நிமிஷம்’ என்று எழுதுவதை விட்டுவிட்டு ‘பார் 14, இடது கை, 66இல் வந்தது’ என்று எழுதுகிறோம். கிளாஸில் மிஸ் அதைத்தான் முதலில் பார்க்கிறார்.

நோட்டேஷன் தெரியாத பெற்றோர் தயங்க வேண்டாம். ட்ரெபிள் (பெரும்பாலும் வலது கைக்கான மேல் ஐந்து கோடு) எது, பேஸ் (இடது கைக்கான கீழ் ஐந்து கோடு) எது, ஒரு புள்ளிக்கு எத்தனை எண்ணிக்கை, விரல் எண்கள், இவ்வளவு தெரிந்தால் முதல் இரண்டு வருஷம் ஓடும். மகளோடு சேர்ந்து ஒரு மாதத்தில் நானும் கற்றுக்கொண்டேன். அவளே எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவளுக்கு இன்னும் நன்றாகப் பதிந்தது.

உட்கார்வதோடு சேர்த்து எழுந்திருக்கவும் திட்டம் வேண்டும். எட்டு வயதில் முதல் ஐந்து நிமிஷம் மட்டும் உட்கார்ந்தேன். வட்டம் போட்டதும் எழுந்துவிடுவேன், கொட்டைகளை அவளே நகர்த்துவாள். இப்போது ஒன்பது வயதில், வாரத்தில் நாலு நாள் அவளேதான். போனில் ஒரு நிமிஷம் பதிவு செய்து, தானே போட்டுக் கேட்டு வட்டம் போடுகிறாள்.

அப்படியானால் உங்கள் வீட்டுக்கு எது? எட்டு ஒன்பது வயதுக்குக் கீழ் என்றால் தயங்காமல் சொல்கிறேன், பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போய் இரவு எட்டுக்குத்தான் வருகிறீர்கள் என்றால் தாத்தாவோ பாட்டியோ போதும். யாரும் இல்லையென்றால் காலையில் எட்டு நிமிஷம். அதுவும் முடியாத வாரத்தில் துண்டுச் சீட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை முழுதாகக் கேட்பது. பத்து வயதுக்கு மேல் தொடங்கிய குழந்தை என்றால் துண்டுச் சீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். நீங்கள் உட்கார்ந்தால் தினமும் கண்ணீர்தான் என்றால், பேசாமல் உட்காரும் வேறு ஒருவரை உட்கார வையுங்கள். அல்லது இரண்டு வாரம் எழுந்துவிடுங்கள். பியானோவைவிட உங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது பெரிது.

கிரேடு தேர்வு நெருங்கும்போது எல்லாக் கணக்கும் கொஞ்சம் மாறும். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பின் நேரடித் தேர்வில் மூன்று பாட்டுகள், ஸ்கேல்கள், பார்த்தவுடன் வாசிப்பது, காதால் கேட்டுப் பதில் சொல்வது என்று நான்கு பகுதிகள் உண்டு. பல வீடுகளில் அந்த மூன்று பாட்டுகளை மட்டும் பத்து மாதம் அரைக்கிறார்கள். குழந்தைக்கு அந்தப் பாட்டுகளே கசந்துவிடுகின்றன. தேர்வுப் பாட்டுக்குப் பாதி நேரம், மீதி பாதி தேர்வுக்குச் சம்பந்தமில்லாத சின்னச் சின்னப் பாட்டுகளுக்கு என்று நாங்கள் மிஸ்ஸிடமே பேசி வைத்துக்கொண்டோம். பார்த்தவுடன் வாசிக்கும் பகுதிக்கு ஆப்பின் பத்து நிமிஷம் இங்கே கைகொடுத்தது.

இந்த வாரம் ஒரு மினுவெட், பழைய ஐரோப்பிய நடனப் பாட்டு. இடது கை ஒரு ஆக்டேவ் கீழே தாவி உடனே திரும்ப வேண்டிய இடத்தில் வட்டம் விழுந்திருக்கிறது. பாட்டி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். நேற்று இரண்டு கொட்டையோடு எழுந்துவிட்டாள். இன்றைக்கு மெட்ரோனோமைத் தானே 60லிருந்து 54க்கு இறக்கி வைத்தாள். நாலாவது கொட்டை இப்போதுதான் வலது பக்கம் போனது.